எஸ்.ஆர்.டி கோப்பின் பெயரை மாற்றினால் வெப்விடிடி ஆகிவிடுமா?

ஆகாது. இரண்டும் சப்டைட்டிலை எழுதிவைக்கும் வெவ்வேறு கோப்பு வடிவங்கள். யூடியூபில் ஒழுங்காக ஓடிய தமிழ் சப்டைட்டில், கோப்பின் பின்னொட்டை மட்டும் .srt-யிலிருந்து .vtt என்று மாற்றி உங்கள் தளத்தில் ஏற்றியதும் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். யூடியூப் எஸ்.ஆர்.டி-யை அப்படியே வாங்கிக்கொள்ளும். உங்கள் தளத்தில் வீடியோவை ஓட்டுவது பிரவுசர். அது எதிர்பார்ப்பது வெப்விடிடி. முதல் வரியில் அந்தப் பெயர் WEBVTT என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இல்லையென்றால் கோப்பு முழுவதையும் ஒதுக்கிவிடும். பார்ப்பவருக்கு ஓர் எச்சரிக்கைகூடத் தெரியாது.

இன்னொரு வித்தியாசம், வசனம் எப்போது தோன்றி எப்போது மறையும் என்று சொல்லும் நேர வரியில். எஸ்.ஆர்.டி-யில் 00:01:12,500 என்று காற்புள்ளி, வெப்விடிடியில் 00:01:12.500 என்று புள்ளி. காது கேளாத மாணவர்களுக்காக அறிவியல் பாட வீடியோக்களுக்கு சப்டைட்டில் போடுகிறேன். முதல் பாடத்தில், கோப்பிலிருந்த எல்லாக் காற்புள்ளிகளையும் ஒரேயடியாகப் புள்ளியாக்கிவிட்டேன். நேரம் சரியாகிவிட்டது. ஆனால் "லித்தியம், சோடியம், பொட்டாசியம்" என்ற வரி மூன்று தனி வாக்கியங்களாக உடைந்து நின்றது. ஆசிரியரின் குரலைக் கேட்க முடியாத பிள்ளைக்கு நிறுத்தற்குறிதான் குரல். அதனால் அம்புக்குறி (-->) உள்ள நேர வரிகளில் மட்டும் மாற்றுங்கள். கையால் செய்யவும் வேண்டாம். 'சப்டைட்டில் எடிட்' என்ற மென்பொருள் இலவசம், அதில் திறந்து வெப்விடிடி என்று தேர்ந்து சேமித்தால் போதும். கட்டளை வரி பழகியவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவி ஒரே வரியில் முடித்துவிடும்.

தமிழுக்கு உண்மையான தலைவலி குறியாக்கத்திலும் எழுத்துருவிலும்தான். வெப்விடிடி யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தில்தான் இருக்க வேண்டும். நோட்பேடில் 'ஆன்சி' என்ற பழைய குறியாக்கத்தில் சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகும். மூடித் திறந்த பிறகு மீட்க வழியில்லை. தட்டச்சகத்திலிருந்து பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வந்த கோப்பு இன்னும் சிக்கல். அதில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. முதலில் யூனிகோடாக்க வேண்டும், ஆனால் முழுக் கோப்பையும் எழுத்துரு மாற்றும் கருவியில் கொட்டிவிடாதீர்கள். பாமினியில் காற்புள்ளிக் குறியின் இடத்தில் 'இ' இருக்கிறது. நேர வரி 00:01:12இ500 என்று வந்து நிற்கும், அம்புக்குறியின் முனையும் போய்விடும். வசன வரிகளை மட்டும் மாற்றி, நேர வரிகளை மூலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறம், எழுத்துரு, இடம் எல்லாம் குறிக்கக்கூடிய ஏ.எஸ்.எஸ் வடிவக் கோப்பை மாற்றுவதாக இருந்தால் நிறமும் எழுத்துருவும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும், அது பரவாயில்லை. ஆனால் கரும்பலகையை மறைக்காமலிருக்க மேலே ஏற்றிவைத்த வரிகள் கீழே இறங்கிவிட்டனவா என்று அவசியம் பாருங்கள்.

வசனம் தொடக்கத்தில் பொருந்தி, போகப் போக விலகினால் அது வடிவத்தின் குற்றமல்ல. நொடிக்கு 23.976 ஃபிரேம் ஓடும் வீடியோவுக்கு எழுதியதை 25 ஃபிரேம் வீடியோவில் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் போலப் பிந்தும். சப்டைட்டில் எடிட்டிலேயே ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, பக்கத்தை உங்கள் கணினியில் இரட்டைச் சொடுக்கில் திறந்து சோதிக்காதீர்கள். குரோம் அப்படித் திறந்த பக்கத்தில் சப்டைட்டில் கோப்பைத் தடுத்துவிடும். சரியான கோப்பையும் தவறென்று நினைப்பீர்கள். சர்வரில் ஏற்றிவிட்டு, ஒலியை முழுவதும் அணைத்துப் பாடத்தை ஒருமுறை பாருங்கள்.