காவல் வேலை உங்களுடையது அல்ல – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெயரைத் தவிர்த்துவிடுங்கள். திருமணமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன, 8 வயதில் ஒரு மகள். கணவர் ஆபாசப் படம் பார்ப்பார் என்று தெரியும், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நான்கு மாதங்களுக்கு முன் அவர் போனில் எனக்குத் தெரியாத இன்னொரு மெயில் கணக்கைப் பார்த்தேன். கட்டணம் கட்டிப் பேசிய வீடியோ அழைப்புகள், அதற்காக வாங்கிய கடன், இரண்டு முறை நேரிலேயே போய்வந்தது எல்லாம் வெளியே வந்தன. அதுவும் ஒரே நாளில் இல்லை. நான் கண்டுபிடித்துக் கேட்பதை மட்டும் ஒப்புக்கொள்வார். இனி இல்லை என்று அழுதார், சத்தியம் செய்தார். மூன்றே வாரத்தில் மறுபடியும் தொடங்கிவிட்டது.

இப்போது அவர் தூங்கியபின் போனைத் துழாவுவதே என் வேலையாகிவிட்டது. குளியலறையில் ஐந்து நிமிடம் கூடினால் நெஞ்சு படபடக்கிறது. நான் போதாததால்தான் இப்படி ஆனாரா? இது நோயா, ஒழுக்கக்கேடா? இருப்பதா, பிரிவதா? யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். அவர் நேரில் போய்வந்திருக்கிறார். நீங்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவர் சொல்லும் தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்களுக்கும் அவருக்கும் கடைசியாக உறவு நடந்த நாளிலிருந்து கணக்கிடுங்கள். ஆய்வகத்தில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறை எச்ஐவி பரிசோதனையில் தொற்று பெரும்பாலும் 45 நாட்களுக்குள் தெரிந்துவிடும். சிபிலிஸ் தெரிய 90 நாட்கள் வரை ஆகலாம். அதனால் இப்போது ஒரு முறை, 90 நாள் கழிந்ததும் இன்னொரு முறை. கொனோரியா, கிளமிடியா இரண்டும் பெண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் இருந்து கருக்குழாய்களைக் கெடுக்கக்கூடியவை. எச்ஐவி மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் நார்மல்' என்று வந்துவிடாமல் இவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா, கருப்பைவாய்ப் பரிசோதனை எப்போது செய்தீர்கள் என்பதையும் அதே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். கடந்த 72 மணி நேரத்துக்குள் ஆபத்தான தொடர்பு நடந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவியைத் தடுக்கும் 28 நாள் மாத்திரைகளை அந்த நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். அவர் தனக்கு ஒன்றுமில்லை என்றால், பெயரும் தேதியும் என்னென்ன பரிசோதனை என்பதும் அச்சான அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை உறவு வேண்டாம் என்று சொல்வது உங்கள் உரிமை. ஆணுறை பெரும் பாதுகாப்பு, ஆனால் ஹெர்பிஸ், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி வைரஸ், சிபிலிஸ் ஆகியவற்றை முழுதாகத் தடுக்காது.

நீங்கள் போதாததால் இது வரவில்லை. இப்படிச் சிக்கிக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குப் பழக்கம் பதின்வயதிலேயே தொடங்கியிருக்கும், மனைவி வாழ்க்கைக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பே. சலிப்பு, பதற்றம், தோல்வி, தனிமை, தூக்கமின்மை என்று எது வந்தாலும் தணித்துக்கொள்ளும் ஒரே வழியாக அது ஆகிவிடுகிறது. தேடப்படுவது உடலுறவு மட்டுமாக இருந்தால் மனைவியின் நெருக்கம் அதைக் குறைக்க வேண்டும். குறைப்பதில்லை. திரையோடு போட்டி போட்டுப் பார்ப்போம் என்று தங்களுக்குப் பிடிக்காததற்கெல்லாம் சம்மதித்த மனைவிகள் உண்டு. பழக்கம் அப்படியே இருந்தது, தங்கள் உடம்பின் மேலேயே அருவருப்பு வந்ததுதான் மிச்சம். அந்த வழியில் ஓரடியும் வைக்காதீர்கள். குறிப்பாக, படத்தில் பார்த்துவிட்டுக் கழுத்தை அழுத்துவது போன்ற எதையும் அனுமதிக்காதீர்கள். அதில் ஆபத்தில்லாத முறை என்று ஒன்று கிடையாது.

நோயா என்ற கேள்விக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை அதில் ஒரு கோளாறாக இருக்கிறது. போதைப்பழக்கங்களோடு அல்ல, உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ, நிறுத்த முயன்றும் முடியாமல், வேலை, உறவு, உடல்நலம் பாதிக்கப்பட்டும் தொடர்வது அடையாளம். 'பார்த்தது தப்பு' என்ற குற்றவுணர்ச்சி மட்டுமே இருந்தால் அது நோயாகாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேட்டில் இது தனி நோயாக இல்லை. உங்களுக்கு இதில் தேவையானது ஒன்றுதான்: உந்துதல் அவர் கையில் இல்லாமல் இருக்கலாம், ஆனால் இரண்டாவது மெயில் கணக்கைத் தொடங்கியது உந்துதல் அல்ல. உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை. நோய்க்குச் சிகிச்சை உண்டு, பொய்க்கு அவர் தனியாகப் பொறுப்பேற்க வேண்டும். நல்ல ஆலோசகர் இரண்டையும் கலக்கவிட மாட்டார்.

இடையில் ஒரு எச்சரிக்கை. பார்க்கின்சன் நோய்க்கும் கால் அமைதியின்மைக்கும் தரும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல், மனநல மருந்தான அரிபிப்ரசோல் போன்றவை சிலருக்குக் கட்டுக்கடங்காத பாலியல் உந்துதலைக் கிளப்பும். இருமுனைக் கோளாறின் எழுச்சிக் காலமும் அப்படித்தான், தூண்டல் போதைப்பொருட்களும் அப்படித்தான். நடத்தை திடீரென மாறியிருந்தால் இதை முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது.

இனி உங்கள் இரவுகளைப் பற்றி. போனைத் துழாவி ஒன்றும் கிடைக்காவிட்டால் அரை மணி நேரம் நிம்மதி, பிறகு 'அழித்திருப்பாரோ' என்று மறுபடியும் தேடுவீர்கள். கிடைத்தால் அன்று இரவு சண்டை, மறுநாள் சத்தியம், அடுத்த முறை அவர் இன்னும் கவனமாக மறைப்பார். உங்கள் கண்காணிப்பு அவருக்குக் கற்றுக்கொடுப்பது ஒளிக்கும் கலையைத்தான். காவலரும் கைதியுமாக ஆகிவிட்ட வீட்டில் யாரும் குணமாவதில்லை.

அதனால் ஒரே ஒரு முறை, பகலில், முழுதாகப் பாருங்கள்: வங்கிக் கணக்கு, கார்டு பட்டியல், கடன் செயலிகள், போனின் ஆப் ஸ்டோரில் ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்கள், உங்கள் பெயரில் ஏதும் கடன் இருக்கிறதா என்பது. பணம் சம்பந்தப்பட்டதைத் தேதியோடு படமெடுத்துப் பத்திரமாக வையுங்கள். அதோடு நிறுத்துங்கள். அதன் பிறகு பார்ப்பதென்றால் அவருக்குத் தெரிந்து, முன்கூட்டியே பேசி வைத்த நாளில் மட்டும்.

போனில் ஆபாசத் தளங்களுக்குத் தடுப்புகளை அமைப்பது அவர் வேலை. அதன் பாஸ்கோடு உங்களிடம் இருக்கக் கூடாது, அவரிடமும் இருக்கக் கூடாது. அவர் மதிக்கும் ஒரு நண்பரோ சகோதரரோ வைத்துக்கொள்ளட்டும். ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குள் வயதுவந்தோர் தளங்களை மட்டுப்படுத்தினால் சஃபாரியின் பிரைவேட் முறையும் சேர்ந்தே மூடிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் (டிஎன்எஸ் என்பது இணையத் தளங்களின் முகவரியைத் தேடித்தரும் சேவை) என்ற இடத்தில், ஆபாசத் தளங்களை வடிகட்டும் குடும்ப டிஎன்எஸ் ஒன்றைப் போடலாம். ஆனால் இதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். டிஎன்எஸ் தளங்களைத்தான் தடுக்கும். டெலிகிராம், எக்ஸ், இன்ஸ்டாகிராம் செயலிகளுக்குள் வருவதைத் தடுக்காது. வீட்டு ரவுட்டரில் போட்ட தடை மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் போய்விடும், இணைய இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலி போட்டாலும் அப்படியே. தடுப்பின் பயன் தாமதம்தான். உந்துதல் அலையாக எழுந்து பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தைக் கடக்க அது உதவினால் போதும். அதைவிட உதவுபவை சின்ன மாற்றங்கள்: இரவில் போன் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும், எழுப்ப ஒரு தனி அலாரம் கடிகாரம், குளியலறைக்குள் போன் கிடையாது.

நான் மிக முக்கியமாக நினைப்பது உண்மை எப்படி வெளிவருகிறது என்பதை. உங்கள் கணவர் செய்வதைப் போலத் துண்டுதுண்டாக ஒப்புக்கொள்வது மோசமான வகை. ஒவ்வொரு துண்டும் புதிதாகக் காயப்படுத்துகிறது, இன்னும் என்ன இருக்கிறதோ என்ற பயமும் ஓய்வதில்லை. இதற்கென்று பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அவர் ஆலோசகரின் உதவியோடு சில வாரங்கள் எடுத்து எல்லாவற்றையும் எழுதுவார்: எந்தக் காலத்திலிருந்து, எவ்வளவு பணம், யாரோடாவது உடல் தொடர்பு உண்டா, பாதுகாப்பு இருந்ததா, அதில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் உண்டா, உங்கள் படமோ வீடியோவோ யாருக்காவது போயிருக்கிறதா. ஆலோசகர் முன்னிலையில் ஒரே அமர்வில் அதை உங்களிடம் வாசிப்பார். நீங்களும் கேள்விகளை முன்பே எழுதிக்கொள்வீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் 'இதன் பதில் என் பாதுகாப்புக்கோ முடிவுக்கோ வேண்டுமா' என்று சோதியுங்கள். அந்தப் பெண் எப்படி இருந்தாள், என்ன செய்தார்கள் என்பதைக் கேட்காதீர்கள். கேட்டதை மனம் காட்சியாக ஆக்கிக்கொள்ளும், பிறகு அழியாது. உடல்நலம், கடன் பற்றிய பதில்களுக்கு மட்டும் சில வாரங்கள் காத்திருக்க வேண்டாம், இன்றே கேளுங்கள்.

அதன் பிறகு ஒரு விதி: தவறினால் 24 மணி நேரத்துக்குள் அவரே வந்து சொல்ல வேண்டும். எத்தனை நாள் பார்க்காமல் இருந்தார் என்ற எண்ணிக்கையைவிட இது நம்பத்தக்க அளவுகோல். 40 நாள் சுத்தமாக இருந்து 41ஆம் நாள் தவறி அன்றே வந்து சொன்னவர் முன்னேறிக்கொண்டிருக்கிறார். 90 நாள் பார்க்காமல் இருந்ததாகப் பேட்ஜ் வாங்கி, நீங்கள் பிடித்தபின் 'இரண்டே முறைதான்' என்பவர் நின்ற இடத்திலேயே இருக்கிறார். 90 நாள் பார்க்காமல் இருந்தால் மூளை புதிதாகிவிடும் என்று சிலர் சொல்வதற்கு உறுதியான அடிப்படை எதுவும் இல்லை.

சிகிச்சையை மனநல மருத்துவரிடம் தொடங்குவது நல்லது. மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு எதுவும் கூடவே இருக்கிறதா என்று பார்ப்பார். இதற்கென்றே ஒப்புதல் பெற்ற மாத்திரை இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளையோ போதைப்பழக்கத்துக்குத் தரும் நால்ட்ரெக்ஸோனையோ சிலருக்கு மருத்துவர் முயல்வதுண்டு. முக்கிய வேலை நடப்பது, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் சிபிடி போன்ற பேச்சுச் சிகிச்சையில். சுயஉதவிக் குழுக்களில் பயன்படுத்தும் மூன்று வட்டங்களை அவர் தாளில் வரையட்டும். உள்வட்டத்தில் இனி செய்யவே கூடாதவை: கட்டண அழைப்பு, நேரில் போவது, ஆபாசப் படம். நடுவட்டத்தில் அங்கே இட்டுச்செல்பவை: நள்ளிரவில் தனியாகப் போன், காரணமில்லாமல் அழிக்கும் பிரவுசர் வரலாறு, உங்களோடு சண்டை போட்ட மாலை. வெளிவட்டத்தில் அவரைத் தாங்குபவை: உடற்பயிற்சி, தூக்கம், நண்பர்கள், மகளோடு நேரம். விழுவது பெரும்பாலும் உள்வட்டத்தில் தொடங்காது. நடுவட்டத்தில் இரண்டு நாள் சுற்றிய பிறகே நடக்கும். இந்த வட்டங்களைப் பயன்படுத்தும் எஸ்ஏஏ (செக்ஸ் அடிக்ட்ஸ் அனானிமஸ்) என்ற சுயஉதவிக் குழு 1977இல் தொடங்கியது. எஸ்-அனான் என்ற குழு உங்களைப் போன்ற துணைகளுக்கானது. ஆன்லைன் கூட்டங்கள் உண்டு, பெயர் சொல்ல வேண்டியதில்லை. அவற்றின் ஆன்மிக மொழி எல்லோருக்கும் ஒத்துவராது. ஒத்துவராவிட்டால் விட்டுவிடலாம். முதல் சில வாரங்கள் அவருக்கு எரிச்சலும் தூக்கமின்மையும் வரலாம். உங்கள் மேல் எரிந்து விழ அது அனுமதிச்சீட்டு இல்லை.

தம்பதி ஆலோசனைக்கு முதலிலேயே ஓடாதீர்கள். மறைத்தது வெளிவரும் முன் அங்கே போனால் 'இருவருக்கும் பேச்சு குறைந்துவிட்டது' என்ற பிரச்சினையாக அது மாறிவிடும், பாதிப் பழி உங்கள் மேல் வரும். முதலில் அவருக்கு ஒருவர், உங்களுக்கு வேறொருவர். உங்கள் படபடப்பும் தூக்கமின்மையும் அதிர்ச்சிக்குப் பிந்தைய அறிகுறிகளைப் போன்றவை, அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. 'நீங்கள் இன்னும் அனுசரித்திருந்தால்' என்று முதல் அமர்வில் சொல்லும் ஆலோசகரிடம் இரண்டாவது முறை போகாதீர்கள்.

உங்கள் எல்லைகளை அவர் என்ன செய்யக் கூடாது என்று எழுதாமல், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். 'மறைத்தது தெரிந்தால் நான் தனி அறையில் தூங்குவேன்.' 'புதிய கடன் வந்தால் என் சம்பளம் என் கணக்குக்கு மட்டும் போகும்.' 'மறுபடி நேரில் போனால் நானும் மகளும் வேறு வீட்டுக்குப் போவோம்.' இரண்டு மூன்று போதும். நிறைவேற்ற முடியாத ஒன்றை எழுதவே வேண்டாம்.

செத்துவிடுவேன் என்று அவர் சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். அம்பலமான முதல் நாட்களில் வெட்கம் உயிருக்கே ஆபத்தாகலாம். அவசர உதவியை அழையுங்கள், அவர் குடும்பத்தில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். ஆனால் அதற்காகக் கேள்விகளைக் கைவிட வேண்டாம். உங்கள் அந்தரங்கப் படம் வெளியே போயிருந்தால் ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசத் தளம் இருக்கிறது. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாமல் அதன் டிஜிட்டல் கைரேகையை மட்டும் எடுத்து, பங்கேற்கும் சமூக ஊடகங்களில் பரவாமல் தடுக்க உதவும். குழந்தைகள் இருக்கும் பாலியல் படம் ஏதும் அவரிடம் கண்டால் அது வேறு விஷயம், நான் மேலே எழுதியது எதுவும் அதற்குப் பொருந்தாது. நகல் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், சான்றுக்காகச் செய்தாலும் அதுவே குற்றமாகலாம். மகளோடு முதலில் வெளியேறுங்கள், வழக்கறிஞரிடமும் காவல்துறையிடமும் பேசுங்கள்.

மகளிடம் விவரம் வேண்டாம். 'அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு பிரச்சினை இருக்கிறது, உன்னால் வந்ததில்லை, உதவி கேட்டிருக்கிறோம்' என்பது போதும். அவர் போனை இனி அவளிடம் கொடுக்க வேண்டாம். தோழிக்கும் விவரம் தேவையில்லை. 'அவர் எனக்குத் துரோகம் செய்துவிட்டார், தீர்வு வேண்டாம், கேட்டுக்கொள்' என்று சொல்லலாம்.

இருப்பதா பிரிவதா என்பதை, பாதுகாப்புக்கு ஆபத்து இல்லாத வரை, இந்த மாதமே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆறு மாதம் வைத்துக்கொண்டு நான்கைப் பாருங்கள்: ஆலோசகரிடம் நீங்கள் நினைவூட்டாமல் போகிறாரா, தவறியதைத் தானே சொல்கிறாரா, கடனை அடைக்கிறாரா, நீங்கள் அழும்போது கோபப்படாமல் உட்கார்ந்திருக்க முடிகிறதா. அதே ஆறு மாதத்தில் உங்கள் பெயரில் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். திருமணப் பதிவு, மகளின் பிறப்புச் சான்று, சொத்து, காப்பீட்டுத் தாள்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள். ஒரு வழக்கறிஞரை ஒரு முறை சந்தித்து, பிரிந்தால் மகள், வீடு, அவர் வாங்கிய கடன் ஆகிய மூன்றும் சட்டப்படி என்ன ஆகும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இருக்க முடிவு செய்தாலும் இந்த ஏற்பாடுகளைக் கலைக்காதீர்கள்.