நூலகர் பதில்கள்: கெடுவே இல்லாத இரவல்

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உதவி நூலகராகச் சேர்ந்திருக்கிறேன். இரவல் விதிகளைத் திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது மாணவருக்கு 3 புத்தகம், 14 நாள். ஆய்வாளருக்கு 5 புத்தகம், ஒரு மாதம். ஆசிரியருக்குக் கெடுவே கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: கடைசியாகச் சொன்னீர்களே, அங்கிருந்துதான். ஆசிரியருக்கு ஒரு பருவம் முழுக்கக் கொடுங்கள், வேண்டுமட்டும் புதுப்பித்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தப் புத்தகத்தை வேறொருவர் முன்பதிவு செய்துவிட்டால், எடுத்தவர் யாராக இருந்தாலும் ஒரு வாரத்தில் திருப்பித் தரவேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நூலகக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் பேராசிரியர்கள்தான் என்பதால் சண்டையும் இந்த வரிக்குத்தான் வரும். கூட்டத்துக்குப் போகும்போது முன்பதிவில் காத்திருக்கும் தலைப்புகளையும் அவை எத்தனை மாதமாக வெளியே இருக்கின்றன என்பதையும் ஒரு தாளில் எடுத்துப் போங்கள். யாரிடம் இருக்கிறது என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அப்புறம் விதியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

அடுத்து, ஆளுக்கு எத்தனை என்பதோடு நிற்காமல் எந்த மாதிரிப் புத்தகம் என்றும் பாருங்கள். கோஹா என்ற நூலக மென்பொருளில் உறுப்பினர் வகைக்கும் நூல் வகைக்கும் சேர்த்துச் சேர்த்துத் தனி விதி போடலாம். பல இடங்களில் எல்லா நூலுக்கும் பொதுவாக ஒரே வரியைப் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். நாற்பது பேர் கேட்கிற பாடநூலுக்கும் வருஷத்துக்கு ஒருவர் தொடுகிற ஆய்வு நூலுக்கும் எதற்கு அதே 14 நாள்? பாடநூலில் ஒரு பிரதி நூலகத்திலேயே இருக்கட்டும், ஒன்றிரண்டை மாலையில் கொடுத்து மறுநாள் காலையில் வாங்குங்கள், மீதியை ஒரு வாரத்துக்கு விடுங்கள். வேதாரண்யத்திலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் இருப்பார்கள், காலை பஸ் தாமதமானதற்கெல்லாம் அபராதம் போடாமல் கொஞ்சம் சலுகை நேரம் வையுங்கள். ஆய்வு நூலை யாரும் கேட்காதவரை எவ்வளவு நாள் வைத்திருந்தால் என்ன?

அபராதம் பற்றி என் கருத்து: காசு இருக்கிறவனுக்கு அது வாடகை, இல்லாதவனுக்கு நூலகப் பக்கமே வராமலிருக்க ஒரு காரணம். எத்தனை நாள் தாமதமோ அதற்கேற்றபடி சில நாள் இரவல் நிறுத்தம் என்று வைக்கவும் கோஹாவில் வழி உண்டு, அதைப் பாருங்கள். எதை வைத்தாலும் விடுமுறை நாள்காட்டியை யார் திருத்துவது என்பதையும் விதியிலேயே எழுதிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கலெக்டர் திடீரென்று மழை விடுமுறை விடுவார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் பக்கம் எத்தனை ஊர் நாள்கணக்கில் மின்சாரமில்லாமல் கிடந்தது! பூட்டிய நூலகத்துக்குப் புத்தகம் கொண்டுவரவில்லை என்று ஒரு பையனிடம் காசு கேட்டால் அவன் சிரிப்பான்.

கேள்வி: புத்தகம் தொலைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று எங்கள் நூலகர் பயந்து, புதிதாக வருவதையெல்லாம் 'ரெஃபரன்ஸ்' (இரவல் கிடையாது, அங்கேயே படிக்கலாம்) என்று முத்திரை குத்திப் பூட்டிவைக்கிறார். இது சரியா?
– ஆய்வு மாணவி, மயிலாடுதுறை

பதில்: சரியில்லை, ஆனால் அவர் பயம் புரிகிறது. கடுமையான விதிகள் பெரும்பாலும் கணக்குத் தணிக்கையை நினைத்து எழுதியவைதான். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, இதில் தெளிவாகவே இருக்கின்றன: விதி 215ன்படி ஆண்டில் இரவல் போன அல்லது படிக்க எடுத்த ஒவ்வொரு 1,000 நூலுக்கும் 5 வரை தொலைவது நியாயமான இழப்பு, அதற்கு நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். கணக்கைக் கவனியுங்கள், வெளியே அதிகம் போகிற நூலகத்துக்குத்தான் அதிக விலக்கு. மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் இதே மாதிரி ஒரு வரியை ஆட்சிக்குழுவில் வைத்து நிறைவேற்றச் சொல்லுங்கள், அவருக்கும் தூக்கம் வரும்.

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் போய் ஓலைச்சுவடியை வீட்டுக்குத் தாருங்கள் என்று யாரும் கேட்பதில்லை, அது வேறு. கடையில் கிடைக்கிற புத்தகத்தை எதற்குப் பூட்டுவது? உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். அதை விளக்கும்போது அவர் பேசுவது, ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலியால் கட்டிவைத்ததைப் பற்றி.

கேள்வி: எந்த மாணவர் என்ன புத்தகம் எடுத்தார் என்று துறைத்தலைவர் பட்டியல் கேட்கிறார். கொடுக்கலாமா?
– நூலக உதவியாளர், திருவாரூர்

பதில்: துறைவாரியாக எத்தனை நூல் போனது என்று கொடுங்கள். பெயரோடு கொடுக்காதீர்கள், பெற்றோரே வந்து கேட்டாலும். இதையும் விதியில் எழுதி வைத்துவிட்டால் நீங்கள் தனியாக நின்று மறுக்க வேண்டியிருக்காது.