எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: அண்ணிக்குப் பணம் உண்டு, எனக்கு இல்லையா?

கேள்வி: வயது 43, உயரம் 160 செ.மீ., எடை 95 கிலோ. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டு அடிக்கடி விழித்துக்கொள்கிறேன். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு இன்சூரன்ஸில் மறுத்துவிட்டார்கள். என்னைவிடப் பருமனான, ஆனால் எந்த நோயும் இல்லாத அண்ணிக்கு வேறொரு நிறுவனம் பணம் கொடுத்தது. இதையெல்லாம் எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்?

பதில்: உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் எண், 37. அண்ணியுடையது 40-ஐத் தாண்டியிருக்கும் என நினைக்கிறேன். இந்த 40, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1991-இல் கூட்டிய வல்லுநர் குழு போட்ட கோடு. அதற்கு மேலே போனால் வேறு நோய் இல்லாவிட்டாலும் செய்யலாம். 35 முதல் 40 வரை இருந்தால், எடையோடு தொடர்புள்ள கடுமையான நோய் இருக்க வேண்டும். சரி, அந்தப் பழைய கணக்கிலேயே நீங்கள் தேறுகிறீர்களே! 2022-இல் இத்துறை அறுவை சிகிச்சை நிபுணர்களின் இரண்டு பெரிய சங்கங்கள் கோட்டை 35-க்கு இறக்கின. ஆசிய வம்சாவளியினருக்கு 27.5 போதும் என்றன. ஆனால் பணம் கொடுப்பவர்களில் பலர் இன்னும் 1991-லேயே நிற்கிறார்கள்.

அரசுப் பணத்தில் இயங்கும் அமைப்புகளின் கணக்கு வேறு. பிரிட்டனில் 'நைஸ்' என்ற அமைப்பு, ஒரு சிகிச்சையால் கூடும் ஆயுளையும் அந்த ஆயுள் எவ்வளவு நலமாகக் கழியும் என்பதையும் சேர்த்து அளந்து, ஒரு நலமான ஆண்டுக்கு என்ன செலவாகிறது என்று பார்க்கிறது. இந்த அளவுகோலில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை நன்றாகவே தேறும், சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் நன்றாக. சுவீடனில் 1987-இல் தொடங்கி, சுமார் 4,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு இருக்கிறது. அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பு அபாயம் 29 சதவீதம் குறைவு என்று 2007-இல் அதன் முடிவு வந்தது. அப்படியும் தகுதியுள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் பட்ஜெட் தாங்காது. அதனால்தான் நீண்ட வரிசை.

தனியார் இன்சூரன்ஸில் சிக்கல் இன்னொன்று. செலவு இன்றே; மிச்சமாகும் மருந்தும் மருத்துவமனைச் செலவும் பல வருடம் கழித்து. அதற்குள் நீங்கள் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டால்? லாபம் அடுத்தவருக்கு. சிலர் கேட்கும் 'ஆறு மாத உணவுக் கட்டுப்பாட்டுப் பதிவு' எனக்கு எரிச்சல் தரும் விஷயம். அதை முடித்தால்தான் அறுவையின் பலன் கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. ஆளைச் சோர்வடைய வைக்கும் வேலையாகத்தான் எனக்குப் படுகிறது.

உங்களை எந்த விதிப்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தூக்கப் பரிசோதனை அறிக்கை, சில வருடங்களின் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரை) அளவுகள், மருந்துப் பட்டியல், முன்பு எடை குறைக்க எடுத்த முயற்சிகள் எல்லாவற்றையும் சேர்த்து மேல்முறையீடு செய்யுங்கள். மருத்துவரின் கடிதம் எடையில் தொடங்க வேண்டாம்; சர்க்கரையிலும் மூச்சுத்தடையிலும் தொடங்கட்டும். சர்க்கரை வந்து வருடங்கள் கூடக்கூட, அறுவைக்குப் பின் அது அடங்கும் வாய்ப்பு குறையும். தாமதத்தின் விலையையும் அந்தக் கடிதம் சொல்லட்டும்.

உடல் பருமன் சிகிச்சையே கிடையாது என்று பாலிசியில் இருந்தால், எந்தக் கடிதமும் செல்லாது. அப்போது அங்கே மல்லுக்கட்டாமல், அரசு மருத்துவமனை வரிசையில் முதலில் பெயரைப் பதியுங்கள்.