உணவு பரிமாறப் போகிறவர்களுக்கு இன வரலாறு எதற்கு?

சிகாகோவுக்கு ஒரு வாரச் சேவைக்குப் போகும் சர்ச் இளைஞர்களுக்கு இனப் பாகுபாட்டைப் பற்றியும் பாடம் நடத்துவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அங்குள்ள வறுமை தானாக வந்ததல்ல என்பதால்தான். 1930களில் அரசு அமைப்பு ஒன்று வரைந்த வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்கு, கடன் கொடுப்பது ஆபத்து என்ற அடையாளமாகச் சிவப்பு பூசினார்கள். அங்கே வீட்டுக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பானது. சிகாகோவின் நார்த் லான்டேல் பகுதியில் 1950களில் குடியேறிய கறுப்பினக் குடும்பங்கள் வேறு வழியின்றித் தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கின. விலையோ மிக அதிகம். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவர் கையில். ஒரு தவணை தவறினாலும் வீடு போய்விடலாம், கட்டிய பணமும் திரும்பாது. எத்தனை குடும்பங்களின் உழைப்பு இப்படிப் பறிபோயிருக்கும்! 1966இல் மார்ட்டின் லூதர் கிங் அங்கேயே வாடகைக்குக் குடியேறி வீட்டுரிமைக்காகப் போராடினார்.

இது தெரியாமல் போகும் பிள்ளை, வரிசையில் நிற்பவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

சுவருக்கு வண்ணம் பூசுவதைவிட, அந்தப் பகுதிச் சபையின் சொல்படி வேலை செய்வதே நல்லது. லான்டேலில் ஒரு சபையின் முயற்சியில் 1984இல் தொடங்கிய மருத்துவ மையம் இன்றும் நடக்கிறது. அங்கேயே தங்கி வாழ்ந்தவர்கள் கட்டியது அது.