கைக்கருவி காட்டும் லித்தியத்தை நம்பி முன்பணம் கட்டலாமா?

குடும்ப நிலத்திலுள்ள வெள்ளைப் பாறைத் திட்டில் தரகர் ஒருவர் எக்ஸ்ஆர்எஃப் கைக்கருவியை வைத்து, "லித்தியம் 1.8 சதவீதம்" என்று சொன்னதாகவும், ஆய்வக அறிக்கை ஒன்றைக் காட்டித் துளையிடும் செலவில் பங்காக முன்பணம் கேட்பதாகவும், கட்டலாமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கட்டாதீர்கள். அந்தக் கருவியால் லித்தியத்தை அளக்கவே முடியாது. அது பாறைமீது எக்ஸ் கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு தனிமமும் திருப்பி உமிழும் கதிரைக் கொண்டு அதன் அளவைக் கணிக்கிறது. அணு எண் 3 கொண்ட லித்தியம் உமிழும் கதிர் மிகவும் வலுவற்றது. கருவியை எட்டும் முன்பே காற்றில் அடங்கிவிடும். இத்தகைய கைக்கருவிகள் பொதுவாக அணு எண் 12 ஆன மக்னீசியத்திலிருந்துதான் தனிமங்களைக் காணும். ஆகவே, அதன் திரையில் லித்தியத்துக்கு ஒரு எண்ணைக் காட்டுபவர் ஒன்று அறியாதவர், அல்லது உங்களை அறியாதவர் என்று நினைப்பவர்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தரகர்கள் பிடித்துக்கொள்வதும் அதைத்தான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். லித்தியம் பெரும்பாலும் பெக்மடைட் என்னும் பெரும்படிகப் பாறையில், உருகிய குழம்பு உறைந்து முடியும் கடைசிக் கட்டத்தில் சேர்கிறது. அதே கட்டத்தில் ருபிடியம், சீசியம், டான்டலம் ஆகியனவும் சேர்கின்றன. ருபிடியம் அப்பாறையிலுள்ள காக்காப்பொன் (மைக்கா), ஃபெல்ட்ஸ்பார் ஆகிய கனிமங்களில் பொட்டாசியத்தின் இடத்தில் புகுந்துகொள்ளும். எனவே பொட்டாசியத்தோடு ஒப்பிட ருபிடியம் மிகுந்திருந்தால், லித்தியம் இருக்கக்கூடிய பாறை இது என்று நிலவியலாளர் ஊகிக்கலாம். ருபிடியத்தைக் கைக்கருவி நன்றாகவே அளக்கும். ஆனால் இது தேடவேண்டிய இடத்தைக் காட்டும் தடயமே தவிர, லித்தியத்தின் அளவு அன்று. லேசர் பொறியால் லித்தியத்தையே காணும் எல்ஐபிஎஸ் வகைக் கருவியும் உண்டு. அதுவும் வைத்த புள்ளியை மட்டுமே அறியும்.

அடுத்து ஆய்வக அறிக்கை. மாதிரியை யார் எடுத்தார், எங்கிருந்து, எவ்வளவு எடை, எந்த முறையில் பகுத்தார்கள் என்ற நான்கும் அதில் இல்லையென்றால் அது உங்கள் நிலத்தைப் பற்றிய அறிக்கையே அன்று. "வாடிக்கையாளர் அளித்த மாதிரி" என்று மட்டும் இருந்தால், ஒரு கல்லைப் பற்றிய உண்மை அது. அந்தக் கல் வேறு கண்டத்திலிருந்துகூட வந்திருக்கலாம். உங்கள் நிலத்துக் கல்லாகவே இருந்தாலும், லித்தியம் கனிமமான ஸ்போடுமீனின் தேர்ந்தெடுத்த படிகம் ஒன்று 7 சதவீத லித்தியம் ஆக்சைடைக் காட்டுவது இயல்பே. கோட்பாட்டளவில் அக்கனிமத்தின் உச்சமே சுமார் 8 சதவீதம். உலகின் மிக வளமான கடும்பாறைச் சுரங்கங்களில் ஒன்றான ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸில்கூடத் தாதுவின் சராசரி, அதே ஆக்சைடு கணக்கில், 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. பாறையின் குறுக்கே ஒரே சீராக வெட்டி எடுத்த மாதிரியும், பிறகு துளையிட்டு எடுத்த பாறைத்தண்டும்தான் சராசரியைச் சொல்லும்.

பாறைத்தண்டை நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியைப் பரிசோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் எண்ணிட்டு வைப்பார்கள். இந்தோனேசியாவின் புசாங்கில் தங்கம் தேடிய கனடாவின் பிரே-எக்ஸ் நிறுவனம் அப்படிச் செய்யாமல் தண்டை ஏறத்தாழ முழுவதுமாகவே அரைத்துவிட்டது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தைக் கலந்திருந்த மோசடி 1997இல் அம்பலமானபோது, சரிபார்க்க மறுபாதி இல்லை. அதற்குப் பிறகே கனடா 2001இல் கடுமையான அறிக்கை விதிகளைக் கொண்டுவந்தது. ஆனால் அவ்விதிகள் பங்குகளை வாங்குபவரைக் காக்க எழுதப்பட்டவை. பாறைமீது வாழ்பவருக்குப் புரியும்படி ஒரு பக்கமாவது எழுதித் தரவேண்டும் என்று அவை கட்டாயப்படுத்தவில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார். இதை மாற்ற ஏன் இத்தனை ஆண்டுகள் தயங்குகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீங்கள் செய்யவேண்டியது இது. பெரும்பாலான நாடுகளில் நிலத்தின் உரிமை வேறு, அடியிலுள்ள கனிமத்தின் உரிமை வேறு. முதலில் உங்கள் அரசின் கனிம வளத்துறையில் அதைக் கேட்டறியுங்கள். தேடும் உரிமம் பெற்ற நிறுவனம் துளையிடும் செலவைத் தானே ஏற்கும். நில உடைமையாளரிடம் பங்கு கேட்காது. அப்படி ஒரு நிறுவனம் வந்தால், துளைகளின் இடம், பாறைத்தண்டுப் பதிவு, பகுப்பாய்வு முடிவுகள் ஆகியவற்றின் பிரதி உங்களுக்குத் தரப்படும் என்பதையும், துளைகளை மூடித் தளத்தைச் சீர்செய்வது அவர்கள் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.