வெளியே போக விடுவார்களா?

கேள்வி: டாக்டர், விஞ்ஞானி என்று நன்றாகப் படித்தவர்கள்கூட குரு சொன்னார் என்பதற்காகக் கொலை செய்கிறார்களே, எப்படி?

பதில்: முதல் நாளே யாரும் கொலை செய்யச் சொல்வதில்லையே! ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கும்பல் 1984-ல் யோகா வகுப்பாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் தியானம், துறவு, சொத்தை எழுதிக்கொடுப்பது, வீட்டாருடன் பேச்சை நிறுத்துவது. குரு ஷோகோ அசஹாரா குளித்த தண்ணீரைக்கூடக் காசு கொடுத்து வாங்கிக் குடித்தார்கள். குடித்தவருக்கு அதன்பின் குருவை நம்புவதைவிட்டால் வேறு வழி இல்லை. நம்பாவிட்டால், இத்தனை நாள் ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. ஒருவரைக் கொன்றால் அவர் ஆன்மா மேல்நிலைக்குப் போகும், அது கொலையே அல்ல, உபகாரம் என்று குரு சொன்னபோது, அதற்கும் தலையாட்டினார்கள்.

1995 மார்ச் 20, டோக்கியோவில் ஆபீஸ் கிளம்பும் நேரம். ஐந்து பேர் ஐந்து சுரங்க ரயில்களில் ஏறினார்கள். கையில் செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகள், உள்ளே சாரின் என்ற விஷ திரவம். பையைத் தரையில் போட்டு, கூராகத் தீட்டிய குடை நுனியால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குடை பிடித்தவர்களில் ஒருவர் இதய அறுவை சிகிச்சை நிபுணர். மூன்று பேர் இயற்பியல் படித்தவர்கள். படிப்பு கேள்வி கேட்கச் சொல்லித்தரும் என்கிறோம். யாரிடம் கேட்கக் கூடாது என்பதை இவர்கள் வேறு இடத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கேள்வி: ஒரு கூட்டம் ஆபத்தானதா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: உடையையும் தாடியையும் பார்க்காதீர்கள். "நான் கிளம்புகிறேன்" என்று ஒருவர் சொன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். டோக்கியோவுக்கு ஆறு வருடம் முன்பே, 1989-ல், விலக நினைத்த தங்கள் ஆள் ஒருவரையே ஓம் கும்பல் கொன்றது. பிள்ளைகளை மீட்கப் போராடிய பெற்றோருக்கு உதவிய வக்கீலை, அதே ஆண்டு நவம்பரில் மனைவியோடும் ஒரு வயதுக் குழந்தையோடும் தீர்த்துக்கட்டினார்கள்.

தென் அமெரிக்காவின் கயானா காட்டில், ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மத குரு தன் பக்தர்களோடு குடியேறிய ஜோன்ஸ்டவுன் கதையும் இதேதான். 1978 நவம்பரில் அமெரிக்க எம்.பி. லியோ ரயன் அங்கே பார்க்கப் போனார். சிலர் அவரோடு ஊர் திரும்பக் கிளம்பினார்கள். அவ்வளவுதான், விமானம் ஏறும் இடத்தில் அவரையும் இன்னும் நான்கு பேரையும் சுட்டுக் கொன்றார்கள். அன்று மாலையே சயனைடு கலந்த பானம். 900-க்கும் அதிகமான பிணங்கள், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள். இதைக் 'கூட்டுத் தற்கொலை' என்று இன்னமும் எழுதுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். குழந்தை எங்கே தற்கொலை செய்துகொண்டது?

கேள்வி: தலைவரை உள்ளே தள்ளிவிட்டால் கும்பல் கலைந்துவிடும் அல்லவா?

பதில்: அமெரிக்காவில் கொலைகாரக் கும்பல் ஒன்றை நடத்திய சார்லஸ் மேன்சன் சிறையில் இருந்தபோதுதான், 1975 செப்டம்பரில், அவருடைய சிஷ்யை ஒருத்தி அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்டை நோக்கித் துப்பாக்கியை நீட்டினாள். நல்லவேளை, வெடிக்கவில்லை.