எல்க் வேட்டைக்கு காம்பவுண்ட் வில் எத்தனை பவுண்டு இருக்கவேண்டும்?

எல்க் என்பது வட அமெரிக்க மலைக்காடுகளின் பெரிய மான். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தொடும். காம்பவுண்ட் வில் என்பது இரு முனைகளிலும் சக்கரம் வைத்த வில்; அதற்குச் சொல்லும் ‘பவுண்டு’, நாணை இழுக்கும்போது கை தாங்கவேண்டிய உச்ச எடை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலச் சட்டத்துக்கு 35 பவுண்டே போதும். நான் சொல்வது 60 பவுண்டு வில், 450 கிரெயின் அம்பு, அதாவது சுமார் 29 கிராம்.

அம்பின் எடை எதற்கு? அம்பு, துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியால் கொல்வதில்லை. பிளேடு முனை தோல், விலா எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு நுரையீரல்வரை போகவேண்டும். பிங்பாங் பந்தையும் கிரிக்கெட் பந்தையும் முழு பலத்தோடு எறிந்து பாருங்கள். முதலாவது விருட்டென்று கிளம்பி, பாதியிலேயே சோர்ந்துவிடும். கனமான அம்பு கொஞ்சம் மெதுவாகத்தான் கிளம்பும். பட்டபிறகு லேசில் நிற்காது.

முழுதாக இழுத்தபின் பாரத்தைச் சக்கரங்கள் வாங்கிக்கொள்ளும். இப்படிக் குறைவதற்கு ‘லெட்-ஆஃப்’ என்று பெயர். அது 80 சதவீதம் என்றால், 60 பவுண்டு வில்லில் கையில் மிஞ்சுவது 12 பவுண்டுதான். எல்க் மரங்களின் மறைவைவிட்டு வெளியே வரும்வரை அசையாமல் நிற்க அதுதான் உதவும் (நின்று பார்த்தால்தான் அருமை புரியும்).

‘70 பவுண்டு இல்லாமல் எல்க் விழாது’ என்பது தவறான எண்ணம்; குளிரில் விறைத்த கையோடு, வில்லை வானத்துக்குத் தூக்காமல் இழுக்கமுடியாத 70-ஐவிட, நிதானமாக இழுபடும் 60 தான் குறிதவறாது.